அம்மா ஆறு ஆண்டுகளாக எடுத்துவரும் தூக்க மாத்திரையை எப்படிக் குறைப்பது?

தேனி_மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 69. அப்பா காலமான பிறகு அவர் தூக்கமின்றித் தவித்தபோது, எங்கள் ஊர் மருத்துவர் அல்ப்ரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை "சில வாரங்களுக்கு மட்டும்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தச் சில வாரங்கள் ஆறு ஆண்டுகளாக நீண்டுவிட்டன. இப்போது மாத்திரையைப் போட்டாலும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறார். பகலில் மந்தமாக இருக்கிறார். அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறார். அண்மையில் இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகையில் தடுமாறி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட எலும்பு மருத்துவர், தூக்க மாத்திரையை நிறுத்திவிடுமாறு சொன்னார்.

ஆனால் சென்ற ஆண்டு ஒரு பண்டிகை விடுமுறையில் மாத்திரை தீர்ந்து, கடைகளும் அடைத்திருந்தபோது, அம்மாவுக்கு இரண்டு இரவும் கண் மூட முடியவில்லை. கை நடுங்கியது, படபடப்பு அடங்கவில்லை. அதிலிருந்து, இந்த மாத்திரை இல்லாமல் தம்மால் உயிர் வாழவே முடியாது என்று உறுதியாக நம்புகிறார். அது பழைய தூக்கமின்மையா, மாத்திரையால் வந்ததா? இந்த வயதில் நிறுத்துவது சாத்தியம்தானா? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை_மனநல_மருத்துவர் எழுதியது:

அம்மா, முதலில் ஒன்று: மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். எலும்பு மருத்துவரின் கவலை நியாயமானது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியல், கீழே விழுதல், எலும்பு முறிவு, மனக்குழப்பம் ஆகியவற்றின் பொருட்டே இவ்வகை மாத்திரைகளை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் ஆறு ஆண்டுகள் தினமும் எடுத்த ஒருவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் வேலையை அல்ப்ரசோலம் வலுப்படுத்துகிறது. தினமும் அந்த உதவி வெளியிலிருந்து வருவதால், மூளை தன் ஏற்பிகளை, அதாவது அந்த வேதிப்பொருளை உணரும் புள்ளிகளை, அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் பழைய அளவு இப்போது இரண்டு மணி வரைகூடத் தாங்கவில்லை. மாத்திரை இல்லாத அந்த இரண்டு இரவுகளில் உங்கள் தாயார் பட்ட நடுக்கமும் படபடப்பும் பெரும்பாலும் மருந்து விலகலின், அதாவது பழகிப்போன மருந்து திடீரென நின்றதன், அறிகுறிகள். பழைய நோய் முழுப் பலத்துடன் திரும்பிவிட்டதாக அவர் அதைப் புரிந்துகொண்டது இயல்பே, ஆனால் மாத்திரை இன்றியமையாதது என்பதற்கு அந்த இரவுகள் சான்று ஆகா. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டிலேயே இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். இங்கே அந்த எச்சரிக்கை மருத்துவரின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுவதும், அதே சீட்டு ஆண்டுக்கணக்கில் சுற்றிவருவதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன.

குறைப்பது சாத்தியமே. 2025இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் கூட்டு வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. 0.5 மாத்திரையில் பத்தில் ஒரு பங்கை வீட்டில் வெட்டி எடுக்க முடியாது என்பதால், உடலில் நீண்ட நேரம் தங்கும் வேறொரு மருந்துக்கு மாற்றிக் குறைப்பதா, இதையே சிறு அளவுகளாக எழுதித் தருவதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நீண்ட நேரம் தங்கும் மருந்து முதியவர்களின் உடலில் தேங்கித் தள்ளாட்டத்தைக் கூட்டலாம் என்பதால், பொதுவான விடை இங்கே இல்லை. அதற்கு முன், இரவில் விழிக்க வேறு காரணம் உண்டா என்பதையும் பாருங்கள்: இரத்த அழுத்தத்துக்கான, சிறுநீரைக் கூட்டும் மாத்திரையை மாலையில் எடுக்கிறாரா, உரக்கக் குறட்டை விட்டு நடுவே மூச்சு நிற்கிறதா, கணவரை இழந்த துயரம் மனச்சோர்வாக நிலைத்துவிட்டதா? கடைசிக் கேள்வியை இந்த ஆறு ஆண்டுகளில் யாராவது அவரிடம் கேட்டார்களா என்பதே என் முதன்மையான ஐயம்.

மதுரை_மருந்தாளுநர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு, அவசரமான ஒன்றைச் சேர்க்கிறேன். மணிக்கட்டு வலிக்காக டிரமடால் சேர்ந்த மாத்திரை ஏதேனும் தந்திருக்கிறார்களா என்று அட்டையைப் பாருங்கள். அது அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. அல்ப்ரசோலத்தோடு சேரும்போது மூச்சு மந்தப்படும் ஆபத்து உண்டு என்று 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை இட்டது. அதுபோலவே, தூக்கம் வருகிறதென்று சளி மாத்திரையை இரவில் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. முதியவர்களுக்கு அது குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் உண்டாக்கும். தூக்க மாத்திரைக்கு மாற்றாக அதை எண்ண வேண்டாம்.

அல்ப்ரசோலம் நம் நாட்டில் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கசங்கிப்போன பழைய சீட்டை நீட்டும் முதியவர்கள் பலரைக் கடையில் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு இது பழக்கத்தை உண்டாக்கும் மருந்து என்பதே தெரியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மருந்துக் கடைகள் வழியாக முதியவர்களைச் சேர்த்து, மாத்திரையின் ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் கையேடு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், ஆறு மாதத்தில் 27 விழுக்காட்டினர் மாத்திரையை முழுதும் விட்டிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே விட்டார்கள். ஆகவே அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளிக்கவோ மாற்றி வைக்கவோ வேண்டாம். காரணத்தை அவரிடமே சொல்லுங்கள். வேகத்தை அவரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர் எழுதியது:

நான் சோல்பிடெம் என்னும் தூக்க மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுத்து, பின்னர் மருத்துவரின் மேற்பார்வையில் விட்டவன். எனக்குக் கைகொடுத்தது தூக்கத்துக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுவே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்ததாக என் உளவியலாளர் சொன்னார். படுக்கையில் ஒன்பது மணி நேரம் புரண்டு ஐந்து மணி நேரம் தூங்குவதைவிட, படுக்கும் நேரத்தையே சுருக்கி, தூக்கம் கண்ணைச் செருகும்போது மட்டும் படுத்து, எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது அதன் சாரம். முதல் சில வாரங்கள் கடினமானவை. பகலில் தலை சாயும், அந்த நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. பிறகு தூக்கம் துண்டு துண்டாக இல்லாமல் சேர்ந்து வரத் தொடங்கியது.

தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்வார்கள். கட்டுப் போட்ட கையோடு இருக்கும் உங்கள் தாயார் இருட்டில் எழுந்து நடக்க வேண்டாம். கட்டிலருகே ஒரு நாற்காலியும், கைக்கெட்டும் விளக்கும் போதும்.

தேனி_மகள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டையைப் பார்த்தேன், டிரமடால் இருக்கிறது. உடனே எலும்பு மருத்துவரை அழைத்தேன். அவர் அதை நிறுத்திவிட்டு வெறும் பாராசிட்டமால் தரச் சொன்னார். கடைசியாக ஒன்று கேட்கிறேன்: முதலில் குறைக்க வேண்டுமா, தூக்கப் பயிற்சியைத் தொடங்க வேண்டுமா? எங்கள் ஊரில் அப்படிப்பட்ட உளவியலாளர் யாரும் இல்லை.

கோவை_மனநல_மருத்துவர் எழுதியது:

டிரமடாலை உடனே கவனித்தது மிக நல்லது. இரண்டையும் சேர்த்தே செய்வது சிறந்தது. நாள்பட்ட தூக்கமின்மையோடு இவ்வகை மாத்திரையை நெடுநாள் எடுத்த 76 முதியவர்களை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், குறைப்பு மட்டும் செய்தவர்களில் 48 விழுக்காட்டினரும், தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களில் 85 விழுக்காட்டினரும் சிகிச்சைக் காலத்தின் முடிவில் மாத்திரையை விட்டிருந்தார்கள். உங்கள் தாயாரின் நிலையில், கட்டுப் பிரிக்கும் வரை பழைய அளவையே தொடர்ந்து, தினமும் தூக்கக் குறிப்பு எழுதி, எழும் நேரத்தை நிலைப்படுத்தி, அதன் பின் முதல் குறைப்பைத் தொடங்குவதை நான் விரும்புவேன். அவர் வயதுக்குப் படுக்கை நேரத்தை ஒரேயடியாகச் சுருக்காமல், வாரத்துக்குச் சிறிதாகக் குறைக்கலாம்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவித் தொலைபேசி எண்ணான 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். குறைக்கும்போது கடும் நடுக்கமோ குழப்பமோ தோன்றினால், அடுத்த குறைப்பை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலிப்பு வந்தால் 108ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது, அம்மா எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.