சரக்குக் கப்பல் ஹல்லில் கடல் விமானம் ஏற்றலாமா? (94 செ.மீ., ரேடியோ கண்ட்ரோல்)

உப்புக்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். கையில ஒரு ஃபைபர் கிளாஸ் ஹல் (கப்பலோட உடல்கூடு) இருக்கு. நீளம் 94 செ.மீ., அகலம் 12-க்குக் கொஞ்சம் கம்மி. நடுவுல வீல்ஹவுஸ் (சுக்கான் அறை), ஒத்தைப் புகைபோக்கி, முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு ரெண்டு ஹேட்ச் (சரக்கு இறக்கற டெக் திறப்பு). பழைய பாணி சரக்குக் கப்பல். மோட்டார், சுக்கான் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. பேட்டரியோட மொத்த எடை 3.7 கிலோ.

வெறும் சரக்குக் கப்பலா ஓட்டி அலுத்துப்போச்சு. மேல ஒரு கடல் விமானம் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. 1:72-ல (நிஜத்துல 72-ல ஒரு பங்கு) அராடோ 196-ங்கற ஜெர்மன் கடல் விமானக் கிட் ஒண்ணு பிரிக்காம கிடக்கு. ஆனா இறக்கை 17 செ.மீ. வருது, கப்பலை விட அகலம்! ஹல் வந்த பெட்டியில 1:100-னு போட்டிருக்கு.

கேட்டபுல்ட் (விமானத்தை உந்தி விடற கருவி) வைக்கறதா, டெரிக் (சுமை தூக்கற கம்பம்) வைக்கறதா? ஹேட்சைப் பெருசா வெட்டினா ஹல் தளர்ந்துடுமா? மேல எடை ஏறினா கவிழ்ந்துடுமா? விமானம் பறக்க வேண்டாம். டெக்குல இருந்து தண்ணிக்கு இறங்கி, திரும்ப மேல ஏறினா போதும்.

பசையும்பிளேடும்:
கேட்டபுல்ட்தான் கெத்து. ஒரு ஸ்பிரிங், ஒரு சர்வோ (ரிமோட்ல அசையற குட்டி மோட்டார்), முடிஞ்சது கதை. அராடோவுக்கு நிஜத்துலயே இறக்கை பின்பக்கம் மடங்கும், அதனால அகலத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க.

மூன்றாம்கம்பம்:
ஸ்பிரிங் வெச்சா 'டக்'னு ஒரு சத்தம் வரும், விமானம் மூக்குக் குத்தித் தண்ணிக்குள்ள போகும். அதோட சரி. போர்க்கப்பலுக்குக் கேட்டபுல்ட் பொருந்தும். சரக்குக் கப்பலுக்கு டெரிக்தான் தம்பி. ஏற்கெனவே அங்க நிக்கற சாமான், புதுசா எதுவோ மாட்டியிருக்குன்னு ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது.

முதல் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க இதைத்தான் பண்ணாங்க. வாக்ட்ஃபெல்ஸ்னு ஒரு சரக்குக் கப்பல். அதுல பீரங்கியையும் கண்ணிவெடியையும் மறைச்சு வெச்சு, 'வோல்ஃப்'னு பேர் மாத்தி, 1916 நவம்பர் 30-ல ஜெர்மனியோட கீல் துறைமுகத்துல இருந்து அனுப்பினாங்க. 1918 பிப்ரவரியில திரும்பி வர்ற வரைக்கும் 451 நாள் கடல்லயே இருந்துச்சு. கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியில கண்ணிவெடி போட்டது இந்தக் கப்பல்தான். அதுல ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் எஃப்.எஃப்.33 ஒண்ணு இருந்துச்சு, செல்லப்பேர் வோல்ஃப்சென். ரெட்டை இறக்கை, ரெண்டு மிதவை, ரெண்டு ஆள். டெரிக்ல கட்டித் தண்ணியில இறக்குவாங்க. அது அங்கிருந்து கிளம்பி, சுத்திப் பார்த்துட்டு வந்து தண்ணியிலயே இறங்கும், மறுபடி தூக்கிக்குவாங்க. வேண்டாத நேரத்துல பிரிச்சுக் கீழ்த்தளத்துல வெச்சுடுவாங்க.

இந்தக் கதையை இழுத்ததுக்குக் காரணம் இருக்கு. வோல்ஃபோட நீளம் 135 மீட்டர். 1:144 ஸ்கேல்னு வெச்சு 144-ஆல வகுத்தா 93.75 செ.மீ. அகலம் 17 மீட்டர் சொச்சம், அதாவது 11.9 செ.மீ. இடப்பெயர்ச்சி, அதாவது மிதக்கறப்ப கப்பலோட மொத்த எடை, 11,200 டன். அதை நீளம், அகலம், உயரம் மூணுக்கும் சேர்த்து 144-ஆல மூணு தரம் வகுங்க, 3.75 கிலோ. உங்க கப்பலைப் பார்த்து அளந்த மாதிரி இருக்கு. விமானத்தோட இறக்கை 16.75 மீட்டர், இந்த அளவுல 11.6 செ.மீ. மூக்கை முன்பக்கம் வெச்சா டெக்குக்குள்ள மயிரிழையில அடங்கிடும்.

பெட்டியில 1:100-னு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். வெறும் ஹல்லுக்கு ஸ்கேலே கிடையாது, மனுஷன் புழங்கற சாமான்தான் ஸ்கேலைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மீட்டர் கைப்பிடிக் கம்பி 1:100-ல 10 மி.மீ., 1:144-ல 7 மி.மீ. கம்பி, கதவு, ஏணி, உயிர்காப்புப் படகு எல்லாத்தையும் பிடுங்கி 1:144-க்கு மாத்துங்க. கப்பல் தானா 135 மீட்டர் ஆயிடும். இதைப் பண்ணாம 1:72 அராடோவைத் தூக்கி மேல வெச்சா, ஒரு பய கப்பலைப் பார்க்க மாட்டான்.

ஹேட்சை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. குளியல் தொட்டியில கப்பலை மிதக்க விட்டு, டெக் நடுவுல 50 கிராம் எடை வைங்க. கப்பல் மேல நட்ட ஒரு குச்சியில இருந்து 20 செ.மீ. நூல்ல ஒரு தூக்குக்குண்டு தொங்கட்டும். எடையை 5 செ.மீ. பக்கவாட்டுல நகர்த்தி, குண்டு எத்தனை மி.மீ. நகருதுன்னு சொல்லுங்க. கவிழுமா கவிழாதாங்கறதை அப்புறம் பேசலாம்.

உப்புக்காற்று:
பண்ணிட்டேன் அண்ணா. குண்டு 17 மி.மீ. நகர்ந்துச்சு. இன்னொண்ணு, அராடோ பாகங்களை மொத்தமா தராசுல போட்டேன், 40 கிராம்.

மூன்றாம்கம்பம்:
50 கிராம் × 50 மி.மீ. = 2500. அதை 3750 கிராமாலயும் (கப்பல் 3700, எடை 50) 17/200-ஆலயும் (குண்டு நகர்ந்தது, நூல் நீளம்) வகுத்தா 8 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழ வருது. அதுதான் உங்க மெட்டாசென்டர் உயரம், கூடக் கூட கப்பல் சாயறது கம்மியாகும். 144-ஆல பெருக்கினா ஒரு மீட்டருக்கு மேல, சரக்குக் கப்பலுக்கு மோசமில்லை.

இப்ப அந்த 40 கிராம் என்ன பண்ணும்னு பாருங்க. டெக்குல உட்கார்ந்திருக்கற வரைக்கும் தொந்தரவு இல்லை. டெரிக் அதைத் தூக்கின அந்த நொடியே, கப்பலைப் பொறுத்தவரை எடை டெரிக்கோட நுனிக்குப் போயிடுது. விமானம் தண்ணியை உரசிக்கிட்டுத் தொங்கினாலும் கணக்கு நுனியிலதான். நுனி 12 செ.மீ. உசரத்துல இருந்தா, 8 மி.மீ.ல ஒண்ணேகால் மி.மீ. அங்கயே போச்சு. கப்பலோட நடுக்கோட்டுல இருந்து 10 செ.மீ. வெளியே நீட்டினீங்கன்னா சாய்வு கிட்டத்தட்ட 9 டிகிரி. கவிழாது, ஆனா பார்க்க அசிங்கமா இருக்கும். நிஜக் கப்பல் அந்த விமானத்துக்கு அசைஞ்சே கொடுத்திருக்காது. நிஜ விமானம் 1,600 கிலோ சொச்சம், 1:144-ல அரை கிராம்தான் வரணும்.

அரை கிராமுக்கு நம்மால செய்ய முடியாது. 4 கிராமுக்கு முடியும். மெல்லிசான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்ல இறக்கை, பால்சாங்கற லேசான மரத்துல உடம்பும் மிதவையும். மிதவைக்கு மட்டும் ரெண்டு கோட் வார்னிஷ் அடிங்க, பால்சா தண்ணி குடிச்சா எடை ஏறிடும். 4 கிராம்னா சாய்வு ஒரு டிகிரிக்குள்ள நின்னுடும்.

ஹேட்சைச் சுத்தி 3 மி.மீ. பிளைவுட்ல 12 மி.மீ. உசரத்துக்கு விளிம்பு கட்டிட்டு அப்புறம் வெட்டுங்க, ஹல் தளராது. மூடி அந்த விளிம்புக்கு வெளியில கவியணும், உள்ள உட்காரக் கூடாது.

பாய்மரப்பித்தன்:
கொக்கி விஷயத்தை யாரும் சொல்லவே இல்லையே? நூல் நுனியில குட்டி நியோடிமியம் காந்தம், மேல் இறக்கையில துளி இரும்புத் தகடு. ரிமோட்லயே பிடிக்கலாம்.

மூன்றாம்கம்பம்:
பிடிக்கும், விடாது. தண்ணியில இறக்கினதும் விமானம் காந்தத்தோடயே ஒட்டிக்கிட்டு நிக்கும். டெரிக்குல இரும்புக் கம்பி போட்டிருந்தா அதையும் போய்க் கவ்விக்கும். அதுக்குப் பதிலா பித்தளைக் கம்பியில ஒரு கொக்கி வளைச்சு, வால் பக்கம் ஒரு பொட்டு ஈயம் ஒட்டுங்க. சுமை இருக்கற வரைக்கும் நேரா நிக்கும். மிதவை தண்ணியைத் தொட்டு நூல் தளர்ந்ததும் ஈயம் கொக்கியைச் சாய்ச்சுடும், விமானம் தனியா நிக்கும். திரும்ப மாட்டறது கையாலதான். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

இறக்கும்போது விமானத்தோட மூக்கு கப்பலுக்கு வெளிப்பக்கம் பார்க்கட்டும். நீளம் 7 செ.மீ.தான், அதனால 10 செ.மீ. நீட்டினா போதும். இறக்கை கப்பல் பக்கம் வந்தா 12-க்கு மேல நீட்டணும், சாய்வும் கூடும்.

உப்புக்காற்று:
காத்து அடிக்கிற நாள்ல எந்தப் பக்கம் இறக்கறது?

மூன்றாம்கம்பம்:
காத்து மறையற பக்கம். கப்பலைக் காத்துக்குக் குறுக்கா நிறுத்திட்டு மோட்டாரை அணைச்சுடுங்க. 2 செ.மீ. அலை உங்க விமானத்துக்கு 3 மீட்டர் அலை. அதுக்கு மேல அலை இருந்தா ஹேட்சையே திறக்காதீங்க.