அபோஈ4 குப்பியும் மஞ்சள் நிறமும்: அனுபவப் பகிர்வு

ஆய்வு மாணவி:

மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்த எலிசா தட்டு (ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தால் காட்டும் சோதனைத் தட்டு) என் நினைவை விட்டு அகலவில்லை. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்கப்பட்ட அபோஈ4 புரதத்தை (கொழுப்பைச் சுமக்கும் அபோஈ புரதத்தின், அல்சைமரோடு தொடர்புடைய வகை), மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வீதம் மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவுக்குக் கொடுத்தோம். மறுநாள் வளர்ப்புத் திரவத்தில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் ஆல்ஃபா மிக அதிகமாக இருந்தது. அல்சைமர் நோயின் அழற்சியைக் கண்ணெதிரே பார்த்துவிட்டதாக நம்பி, நான்கு மாதங்கள் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தேன். புரதத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்துப் பார்த்தாயா என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒரு மூத்த ஆய்வாளர் கேட்டார். அதையும் செய்தேன். நிறுத்தும் அமிலத்தைச் சேர்த்ததும் நீலம் மஞ்சளாக மாறியபோது, கொதிக்க வைத்த குழிகளும் கொதிக்க வைக்காத குழிகளும் ஒரே மஞ்சளாக நின்றன. எது எதுவென்று அறிய, மூடியில் நான் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.

புரதம் சூட்டில் குலையும்; ஆனால் ஈ.கோலையின் வெளிச்சவ்வில் உள்ள எல்.பி.எஸ் என்ற நச்சுப்பொருள் (எண்டோடாக்சின்) கொதிநீரில் அழிவதில்லை. எங்கள் குப்பியின் சீட்டில் "மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் அலகுக்கும் குறைவு" என்று இருந்தது. அது தூய்மைக்கான உறுதிமொழி என்று எண்ணிவிட்டேன். ஓர் அலகு என்பது ஏறத்தாழ 0.1 நானோகிராம் எல்.பி.எஸ். நான் பயன்படுத்திய செறிவில் அது மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் வரை போகலாம். மைக்ரோகிளியா கிளர்ந்தெழ அவ்வளவு போதும்.

ஜெல் ஓட்டுபவர்:

என்னுடையது சிறிய அனுபவம்தான், ஆனால் இன்றும் உறுத்துகிறது. பரவலாகக் காணப்படும் வகையான அபோஈ3, அபோஈ4 இரண்டையும் நரம்புச் செல்களில் ஒப்பிட்டு, வேறுபாடு தெரிகிறது என்று அறிக்கை எழுதிவிட்டோம். பிறகு ஒருநாள், டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைக்கும் டி.டி.டி சேர்க்க மறந்துபோய், புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லை ஓட்டினேன். அபோஈ4 வழக்கம்போல 34 கிலோடால்டனில் ஒற்றைப் பட்டையாக வந்தது. அபோஈ3 வரிசையிலோ, அதற்கு மேலே 70-ஐ ஒட்டி இன்னொரு தடித்த பட்டை. 112-ஆம் இடத்தில் அபோஈ3-க்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அபோஈ4-க்கு ஆர்ஜினின்; இரு சிஸ்டீன்கள் சேர்ந்தால்தான் டைசல்ஃபைடு பிணைப்பு உருவாகும். இந்தப் பாடத்தை எல்லோரும் படித்திருக்கிறோம், நானும் படித்திருந்தேன். இருந்தும், ஒருபக்கம் இரட்டைகளையும் மறுபக்கம் ஒற்றைகளையும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அந்தப் பட்டையைப் பார்க்கும்வரை தோன்றவில்லை.

கொழுமியத் (லிப்பிட்) துகள் தயாரிப்பவர்:

மேலே எழுதிய இருவரோடும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஜெல் ஓட்டுபவரே, அந்த இரட்டைப் பட்டையைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். மனித இரத்தத்திலும் அபோஈ3 டைசல்ஃபைடு பிணைப்பால் இரட்டையாகிறது, அபோஏ-2 புரதத்தோடும் இணைகிறது. அபோஈ4-க்கு அது முடியாது என்பதே இவ்விரண்டுக்கும் இயல்பிலேயே உள்ள வேறுபாடுகளில் ஒன்று. எவ்வளவு இரட்டை, எவ்வளவு ஒற்றை என்பதை அளந்து எழுதுங்கள். செல்களுக்குப் போகும் கரைசலில் டி.டி.டி-யைக் கலந்துவிடாதீர்கள், அது செல்களையே பாதிக்கும்.

ஆய்வு மாணவிக்கு: கொதிக்க வைத்ததை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். இவ்வகைப் புரதங்களின் ஹெலிக்ஸ் பகுதிகள் சூட்டில் குலைந்தாலும், ஆறியபின் ஓரளவு மீண்டும் சுருளக்கூடும். ஆகவே மஞ்சள் மாறாததற்குப் புரதமே காரணம் என்றும் ஒருவர் வாதிட இடமிருக்கிறது. புரோட்டீனேஸ் கே கொண்டு புரதத்தைச் செரித்துவிட்டு, அதன்பின் நொதியையும் செயலிழக்கச் செய்து கொடுங்கள், எல்.பி.எஸ்-ஐ அந்த நொதி தொடாது. எல்.பி.எஸ்-ஐப் பிணைத்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த குழிகளையும் தனியே வையுங்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஈ4 மரபணு வகைக்கும் முதுமையில் வரும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு 1993-இல் வெளியானது முதல், இந்த 299 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தை எத்தனையோ பேர் பொடியாக வாங்கி, நீரில் கரைத்து, அப்படியே செல்களின் மேல் ஊற்றியிருக்கிறார்கள். மூளையில் அது அப்படி இருப்பதில்லை. மூளையின் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் வெளியிடும் அபோஈ, ஏபிசிஏ1 என்ற செல்சவ்வுப் புரதத்தின் வழியாகக் கொழுப்பை ஏற்று, எச்.டி.எல் போன்ற துகளாகவே உலவுகிறது. கொழுப்பில்லாத அபோஈ நீரில் நான்கு நான்காகக் கூடிக்கொள்ளும், எல்.டி.எல் ஏற்பியோடு வலுவாகப் பிணையாது. நான் முதன்முதலில் டி.எம்.பி.சி கொழுமியத்தோடு அபோஈ-யைச் சேர்த்து 24 டிகிரியில் வைத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்; பால்போலக் கலங்கியிருந்த கரைசல் மெல்லத் தெளிந்து, குழாய்க்குப் பின்னால் வைத்திருந்த எழுத்துகள் படிக்கும்படி ஆனது. கண்ணால் பார்க்கும்போதே புரதம் தன் வேலையைச் செய்தது. ஆகவே துகளாக்கிய பின் ஜெல் வடிகட்டலில், துகளில் சேராத தனிப் புரதத்தைப் பிரித்து நீக்குங்கள், கொழுமியத்தை மட்டும் கொண்ட கட்டுப்பாட்டுக் குழிகளை வையுங்கள், ஈ.கோலையில் தயாரானதற்குச் சயாலிக் அமிலம் தாங்கிய சர்க்கரைகள் இராது என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்:

நான் குப்பியையே குப்பைக்கூடையில் போட்டவன். உலர்த்திய புரதம் கண்ணுக்குத் தெரியாத படலமாக மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. அடியில் ஒன்றும் இல்லையே, காலிக் குப்பியை அனுப்பிவிட்டார்கள் என்று கோபமாகக் கடிதமும் எழுதத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த தோழி கூடையிலிருந்து அதை எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் ஒரு நிமிடம் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு வெண்மை.

ஆய்வு மாணவி:

துகள் தயாரிப்பவர் சொன்ன புரோட்டீனேஸ் கே சோதனையைப் பின்னர் செய்தேன். முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். புரதம் முழுவதும் செரித்துப்போனதை ஜெல்லில் உறுதிசெய்து, நொதியை மட்டும் கொண்ட குழிகளையும் சேர்த்து வைத்தேன். செரித்த புரதம் அதே மஞ்சளைத் தந்தது. பாலிமிக்சின் சேர்த்த குழிகள் வெளிறி நின்றன. எண்டோடாக்சின் நீக்கிய வேறொரு தொகுதியில் மஞ்சள் ஏறவே இல்லை. கொழுப்பேற்றாத புரதத்தைத்தான் பயன்படுத்தினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என்னை உறுத்துவது அந்த நான்கு மாதங்கள் அல்ல. அதே முதல் தொகுதியிலிருந்து இரண்டு குழாய்களைப் பக்கத்து ஆய்வகத்தில் ஆஸ்ட்ரோசைட் வளர்க்கும் மாணவர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். என் தட்டில் தெரிந்ததை எட்டு மாதங்கள் கழித்தே அவரிடம் சொன்னேன். அதற்குள் அவர் தன் முதல் கட்டுரையை அனுப்பியிருந்தார்.