வில்லியம் கேட் டிவி படம், எவ்வளவு நிஜம்?

கேள்வி: பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம், அவர் மனைவி கேட் காதல் கதைய வச்சு 2011ல அமெரிக்காவோட லைஃப்டைம் சேனல்ல வந்த வில்லியம் அண்ட் கேட் படத்த நேத்து நைட்டுதான் பாத்தேன், எனக்கு ரொம்ப பிடிச்சது, ஆனா அந்த ஃபேஷன் ஷோ, நடுவுல பிரேக்கப், இதெல்லாம் நிஜமாவே நடந்ததா இல்ல படத்துக்காக சேத்ததா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: ரெண்டுமே நிஜம்ங்க. ஷோ 2002ல, அவங்க ரெண்டு பேரும் படிச்ச ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டில நடந்தது. அதுல கேட் போட்ட மெல்லிசு துணி முதல்ல ஸ்கர்ட்டா பண்ணினது, அவங்க அத நெஞ்சு வரைக்கும் ஏத்தி டிரெஸ்ஸாவே போட்டு நடந்தாங்க, 2011ல ஏலத்துல 78,000 பவுண்டுக்கு போச்சு! பிரேக்கப் 2007ல, கொஞ்ச மாசத்துலயே திரும்ப சேந்துட்டாங்க.

பதில் 2: சம்பவம் உண்மை, ஆனா தனியா இருக்கும்போது அவங்க பேசுற வசனமெல்லாம் எழுதினவங்க கற்பனைதான், கல்யாணத்துக்கு 11 நாள் முன்னாடியே அவசரமா ஒளிபரப்பின படம் வேற. எனக்கு படத்த விட அவங்க நிச்சயதார்த்த பேட்டிதான் மனசுல நிக்குது, அம்மா டயானாவோட நீலக்கல் மோதிரத்த மூணு வாரமா முதுகுப்பைல வச்சு சுத்தினேன், தொலைஞ்சிட்டா அவ்ளோதான்னு பயந்து பைய விடவே இல்லன்னு வில்லியம் சொல்வாரு பாருங்க, எந்த நடிகராலயும் அந்த முகத்த கொண்டுவர முடியாது.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, அந்த பேட்டிய இன்னிக்கே பாத்துடுறேன்.