புதுப்பிப்பு: அழகு மிளகாய்ச் செடியில் இலைச் சுருட்டல் சரியாகிவிட்டது

பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் அழகு மிளகாய்ச் செடி (பூச்செடி போல அழகுக்காக விற்பது) இலை சுருண்டு, பூவெல்லாம் கொட்டுகிறது என்று சித்திரையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

கைகொடுத்தது, "இலை எந்தப் பக்கம் சுருளுதுன்னு முதல்ல பாருங்க" என்று ஓர் அக்கா சொன்னதுதான். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். எனக்கு மேல்நோக்கி. கொழுந்தை வெள்ளைத்தாளில் தட்டினேன். வைக்கோல் நிறத்தில், ஊசிமுனை அளவில் பூச்சிகள் ஓடின. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலம், இலையின் அடிப்புறம் நனைய, வாரம் ஒருமுறை என நான்கு வாரம் தெளித்தேன். பழைய இலை நிமிரவில்லை. புதுக்கொழுந்து நேராக வந்தது.

பூ உதிர்வுக்கு வெயிலும் காரணம். மதியத்துக்கு மேல் நிழல் விழும்படி சுவரின் கிழக்குப் பக்கம் நகர்த்தியும் முழுதாக நிற்கவில்லை. ஆனியில் சாரல் காற்று வந்தபிறகுதான் காய் பிடித்தது.

எதிர்பாராதது காரம். ஊதாக் காய் நாலைக் கீறிச் சொதியில் போட்டேன், பிள்ளைகளால் வாயில் வைக்க முடியவில்லை. இப்போது ஒன்றுதான். மீதி, உப்பு சேர்த்த புளித்த மோரில் ஊறி மாடியில் காய்கிறது. நர்சரியிலிருந்து வந்தபோதே செடியில் இருந்த காய்களை மட்டும் சமைக்காமல் பறித்து எறிந்துவிட்டேன். அழகுச் செடிக்கு என்ன மருந்து அடித்திருப்பார்களோ.