தொடக்கப் பள்ளியில் திருவருகைக் காலம் எங்கே போனது?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பாடமும், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கற்பிக்கும் மறைக்கல்வியும் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கான ஒத்திகை நவம்பர் நடுவில் தொடங்கிவிடும். ஒத்திகைக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது? மறைக்கல்வி வகுப்பிலிருந்துதான். கணக்கு வகுப்பில் யாரும் கை வைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு வாரம் காத்திருந்து தயாராகும் திருவருகைக் காலத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டிய நாள்களில் எனக்கு வகுப்பே இல்லாமல் போகிறது.

இந்தக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய சில நாள்களிலேயே மேடையில் குழந்தை இயேசு பிறந்துவிடுகிறார். இடையர்கள் வருகிறார்கள், ஞானிகள் வருகிறார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா வந்து மிட்டாய் கொடுக்கிறார். நான்காம் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய நேரத்தில் பள்ளியே பூட்டியிருக்கிறது. விழாவை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டுவருகிறேன். கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25 அன்று முடிவதில்லையே. ஜனவரியில் வரும் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை அது நீள்கிறது. பாதிப் பிள்ளைகளுக்கு இது தெரியாது, ஏனென்றால் நாமே அப்படி நடந்துகொள்வதில்லை. பிற பள்ளிகளில் எப்படி? பெற்றோரும் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தந்தை:

டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தக் கோரிக்கையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

பள்ளிக்கு வரும் எத்தனை பிள்ளைகள் ஞாயிறு திருப்பலிக்கு, அதாவது கோயில் பூசைக்குப் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பல வீடுகளில் டிசம்பர் 25 என்றால் உறவினர், விருந்து, உறக்கம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள், இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைக் காதால் கேட்பதும் கண்ணால் பார்ப்பதும் பள்ளி விழாவில் மட்டும்தான். அதையும் தள்ளிப்போட்டால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்?

என் மகள் இரண்டாம் வகுப்பு. போன ஆண்டு அவளுக்கு ஆட்டுக்குட்டி வேடம். பேச ஒரு வரிகூட இல்லை. ஒத்திகையில் ஓரமாக உட்கார்ந்து எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். வீட்டில் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வானதூதர் கபிரியேலாக நின்று மரியாவிடம் பேசுவாள், உடனே திரும்பி நின்று மரியாவாகப் பதில் சொல்வாள். "இது எப்படி நிகழும்?" என்று மரியா கேட்கும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. எந்த மறைக்கல்வி வகுப்பு இதைச் செய்திருக்கும்?

பள்ளி திறந்த முதல் வாரத்தில் விழா வைத்தால் அதற்குள் வீட்டில் அலங்காரத்தைக் கழற்றியிருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது முடிந்துபோன பண்டிகை.

ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியர்:

ஐயா, உங்கள் மகளைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நல்ல நாடகம் நல்ல மறைக்கல்விதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சிறு பிள்ளைகளால் காத்திருக்க முடியாது என்ற எண்ணம் உங்கள் பதிவில் இழையோடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாம் பீடத்தருகே வைக்கும் மெழுகுவர்த்தி வளையம் எப்படி வந்தது என்று பாருங்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைச் சிறுவர்களுக்கு ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம். 1839இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கும் வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். பிள்ளைகள் பொறுமையிழந்தபோது அவர் கிறிஸ்துமஸை முன்னால் இழுத்துவரவில்லை. காத்திருப்பதையே அவர்கள் கையில் கொடுத்தார். கத்தோலிக்கர்கள் அதை எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத்தான். சிறுவர்களுக்கென்றே உருவான ஒன்றை வைத்துக்கொண்டு, சிறுவர்களுக்குத் திருவருகைக் காலம் புரியாது என்று நாம் சொல்லலாமா?

சிறுவர் திருப்பலிகளுக்காகத் திருச்சபை 1973 நவம்பர் 1 அன்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பிள்ளைகளுக்காக எதையெல்லாம் எளிமையாக்கலாம் என்று தாராளமாகச் சொல்லும் அதே ஏடு, அவர்களுடைய திருப்பலியிலும் மௌனத்துக்கு இடம் வேண்டும் என்கிறது; பிள்ளைகளும் தங்களுக்கே உரிய வகையில் உண்மையாகச் சிந்திக்கக்கூடியவர்கள் என்று அதற்குக் காரணமும் சொல்கிறது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளக்கை அணைத்து, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருப்பார்கள்.

பாடல் குழுப் பொறுப்பாளர்:

ஒத்திகை நடத்துகிறவர்களில் நானும் ஒருவர் என்பதால் பேச வேண்டியிருக்கிறது.

இயேசு பிறந்தபோது வானதூதர்கள் பாடிய புகழ்ச்சியில் தொடங்கும் வானவர் கீதம் திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் பாடப்படுவதில்லை. டிசம்பர் 8, மரியாவுக்கான அமல உற்பவ அன்னை பெருவிழா போன்ற விழாக்களில் மட்டும் பாடுகிறோம். திருப்பலியை நடத்தும் முறையைச் சொல்லும் உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 313ஆம் எண்ணில், இந்தக் காலத்தில் இசைக் கருவிகளை அளவோடு பயன்படுத்தச் சொல்கிறது. கிறிஸ்து பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடக் கூடாது என்பதே காரணம். 305ஆம் எண் பீடத்துப் பூக்களுக்கும் இதையே சொல்கிறது. இவற்றைப் பள்ளித் திருப்பலியில் நான் மீறியதே இல்லை.

ஆனால் இவை வழிபாட்டுக்கான விதிகள். பள்ளி அரங்கின் மேடை பீடம் அல்ல. மேடையில் வானவர் பாட்டைப் பாடினால் எந்த விதியும் மீறப்படுவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆசிரியர்களுக்குக் குற்றவுணர்வு ஏற்படுத்த வேண்டாம்.

ஜனவரிக்கு மாற்றுங்கள் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பூமியின் தென் பாதியில் பல நாடுகளில் கல்வியாண்டே டிசம்பரில் முடிகிறது. அங்கே பிள்ளைகள் திரும்பி வருவதற்குள் திருமுழுக்கு விழா கடந்து, விழாக் காலம் அல்லாத பொதுக்காலம் வந்துவிடும். அந்தப் பள்ளிகள் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடவே கூடாதா?

வேற்றுச் சமயப் பெற்றோர்:

நான் கிறிஸ்தவர் அல்ல. கத்தோலிக்கப் பள்ளி என்று தெரிந்தேதான் மகனைச் சேர்த்தேன். நீங்கள் எல்லோரும் நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

போன ஆண்டு எங்கள் பள்ளியில் விழாவின் பெயரை மாற்றிவிட்டார்கள். நட்சத்திர நடனம், பனிமனிதன், பரிசுப் பொட்டலம், தாத்தா எல்லாம் இருந்தன. மரியாவும் யோசேப்பும் கடைசியில் இரண்டு நிமிடம் வந்து நின்றார்கள். காரணம் கேட்டால், பிற சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்களே என்றார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி உங்கள் இயேசுவை மேடையிலிருந்து இறக்காதீர்கள்.

கடைத்தெருவில் கிடைக்கிற கிறிஸ்துமஸ் எங்களுக்கும் கிடைக்கிறது. அதற்குப் பள்ளி தேவையில்லை. எங்களுக்குக் கிடைக்காதது அந்த நான்கு வாரம்தான். ஒரு நாள் மகன் வந்து, இயேசு பிறப்பைக் காட்டும் குடிலில் குழந்தையைக் கிடத்தும் தொட்டி காலியாக இருக்கிறது, அதில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்றான். ஏன் என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றான். அவ்வளவு தீர்மானமாக அவன் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆசிரியை சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

இரண்டு பிள்ளைகளின் தந்தை:

சகோதரி, பனிமனிதனையும் தாத்தாவையும் பற்றிச் சொன்னதில் நான் உங்கள் பக்கம். தாத்தாவை அழைத்தே ஆக வேண்டும் என்றால் டிசம்பர் 6 அன்று புனித நிக்கோலாஸ் விழா இருக்கிறது; நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்தவர் என்று அவரை முறையாக அறிமுகப்படுத்தட்டும். பரிசுப் பரிமாற்றத்தையும் நிறுத்த வேண்டும். விலையுயர்ந்த பொட்டலத்தைப் பிரிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில், பென்சில் பெற்ற பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் பிறப்புக் காட்சியைத் தள்ளிப்போடச் சொல்வது வேறு. முடிவு தெரிந்தால்தான் பிள்ளைக்குக் கதையில் பிடிப்பு வரும். டிசம்பரில் பாதிக் கதை, ஜனவரியில் மீதிக் கதை என்றால் அது அவர்கள் மனத்தில் ஒட்டாது.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

முடிவு தெரிந்த கதைக்காகத்தான் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஐயா. இயேசு பிறந்தார் என்பது என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஒருவருக்காகக் காத்திருப்பதுதான் திருவருகைக் காலம். யார் வரப்போகிறார் என்றே தெரியாதவர் எதற்காக வழிமேல் விழி வைத்து நிற்பார்?

வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். மேசை ஓரத்தில் மரத்தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். யாருக்காவது நன்மை செய்தவர் ஒரு வைக்கோலை எடுத்து உள்ளே போடலாம். என்ன செய்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது, எண்ணவும் கூடாது. முதல் வாரம் போட்டிதான். ஒரு சிறுவன் ஒரு பிடி வைக்கோலை அள்ளிக்கொண்டு வந்து, "எல்லாம் இன்றைக்கே செய்தேன்" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் அவனே, மற்றவர்கள் விளையாடப் போன பிறகு வந்து, ஒரே ஒரு வைக்கோலைப் போட்டுவிட்டு ஓடினான். இதற்கு வாரங்கள் வேண்டும். டிசம்பர் பத்தாம் தேதி அந்தத் தொட்டியில் பொம்மையைக் கிடத்திப் படம் எடுத்துவிட்டால், மறுநாள் வைக்கோல் போட யார் வருவார்கள்?

தென் பாதி நாடுகளைப் பற்றிப் பொறுப்பாளர் சொன்னது நியாயம். ஜனவரி ஒன்றே வழி என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒரு மாற்று இருக்கிறது. டிசம்பர் 17 முதல் திருப்பலியின் நற்செய்தி வாசகங்களே ஒரு நாடகமாக நகர்கின்றன. 17 அன்று மத்தேயுவின் மூதாதையர் பட்டியல், 18 அன்று யோசேப்பின் கனவு, 19 அன்று திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா, 20 அன்று கபிரியேலும் மரியாவும், 21 அன்று மரியா யோவானின் தாய் எலிசபெத்தைச் சந்திப்பது, 22 அன்று மரியாவின் பாடல், 23 அன்று யோவானின் பிறப்பு. விடுமுறைக்கு முந்தைய நாளில் இதை நாடகமாக்குவோம். பேச்சிழந்த செக்கரியா பலகையில் பெயர் எழுதும் காட்சி ஒன்றே போதும், பிள்ளைகள் விழுந்து விழுந்து நடிப்பார்கள். கடைசியில் மரியாவும் யோசேப்பும் பெத்லகேமுக்குப் புறப்படட்டும். அங்கேயே திரையை இறக்குவோம்.

பாடல் குழுப் பொறுப்பாளர்:

செக்கரியா யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பேச முடியாத வேடம் என்றால் கூச்சமுள்ள பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஆனால் வானவர் கூட்டம் இல்லாவிட்டால் முதல் வகுப்பு முழுவதையும் எங்கே நிறுத்துவது? அறுபது பிள்ளைகளுக்குச் சிறகு தைத்து வைத்திருக்கிறோம்.

இரண்டு பிள்ளைகளின் தந்தை:

குழந்தை பிறக்காத கிறிஸ்துமஸ் நாடகமா? டீச்சர், மன்னிக்க வேண்டும், இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து உட்காரும் பாட்டி தாத்தாக்களிடம், மீதியை வீட்டில் போய்ப் பாருங்கள் என்று சொல்ல முடியாது. அந்த வீடுகளில் மீதி நடக்காது என்பதைத்தான் முதலிலிருந்தே சொல்லிவருகிறேன்.

குடிலைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் எழுதிய மடலைப் படித்திருப்பீர்கள். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் குடில் அமைக்கும் வழக்கத்தை ஊக்குவிக்கிறார். நற்செய்தியில் இல்லாத உருவங்களைக்கூடப் பிள்ளைகள் குடிலில் சேர்ப்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை, ரசிக்கிறார். அந்தப் பரந்த மனம் நமக்கும் வேண்டும்.

ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியர்:

ஐயா, அதே மடலில், கிறிஸ்து பிறப்பு விழாவில் குழந்தை உருவத்தைத் தொட்டியில் வைக்கும்போது குடில் உயிர்பெறுகிறது என்றும், ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா நெருங்கும்போது ஞானிகளை வைக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறார். அவர் அதில் கையெழுத்திட்ட இடம் இத்தாலியின் கிரேச்சோ. நாள் டிசம்பர் 1, அந்த ஆண்டுத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதே ஊரில் 1223இல் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் சிலைகளே இல்லை. வைக்கோல் நிரப்பிய தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, அதன்மேல் திருப்பலி. காலித் தொட்டியைப் பார்த்து மக்கள் ஏமாந்து போகவில்லை.

வீட்டில் மீதி நடக்காது என்ற உங்கள் கவலைக்கும் ஒரு வழி சொல்கிறேன். வழக்கமாகத் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு அன்று உரோமையில் சிறுவர்கள் தங்கள் வீட்டுக் குடிலின் குழந்தை இயேசு உருவத்தைப் புனித பேதுரு சதுக்கத்துக்குக் கொண்டுவருவார்கள், திருத்தந்தை மந்திரிப்பார், அதாவது ஆசி வழங்குவார். பள்ளியிலும் இதைச் செய்யலாம். களிமண்ணில் பிள்ளைகளே செய்யட்டும். பங்குத்தந்தை மந்திரித்ததும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், 24 இரவு பிரிக்கச் சொல்லி. சிறு பிள்ளை அதை மறக்க விடாது.

வேற்றுச் சமயப் பெற்றோர்:

எங்கள் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தனுப்புவீர்கள்தானே?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

கட்டாயம், அம்மா. உங்கள் மகன் கையாலேயே செய்ததாக இருக்கும்.

தலைமை ஆசிரியையிடம் என்ன கேட்கப்போகிறேன் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் ஒத்திகை கூடாது. குடிலின் தொட்டி பள்ளியின் கடைசி நாள் வரை காலியாகவே இருக்க வேண்டும். களிமண் உருவங்களை மூன்றாம் வாரம் மந்திரிக்க வேண்டும். நாடகம் செக்கரியாவில் தொடங்கிப் பெத்லகேம் பயணத்தில் முடிய வேண்டும். முதல் வகுப்பு வானவர்கள் சிறகோடு வரட்டும். கபிரியேலுக்குப் பின்னால் அறுபது பேரும் நிற்கட்டும்.

இரண்டு பிள்ளைகளின் தந்தை:

முதல் மூன்றுக்கும் பெற்றோர் கூட்டத்தில் நானே எழுந்து ஆதரவு சொல்வேன். பரிசுப் பரிமாற்றத்தை நிறுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடகத்தின் முடிவில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில், எல்லா வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது, குழந்தை பிறக்க வேண்டும். கூட்டத்தில் உங்களுக்கு எதிராகவே பேசுவேன், டீச்சர், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

பேசுங்கள், ஐயா. நானும் பேசுவேன்.