ப்ரிட்டியர் சேர்த்த பிறகு விண்டோஸில் எல்லா வரியிலும் பிழை: நிரல் ஒழுங்கை அணி முழுவதற்கும் நிலைநிறுத்துவது எப்படி?

கேள்வி

வணக்கம். ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் கொண்டு எழுதிய ஒரு ஃப்ரண்ட்எண்ட் திட்டத்தை ஆறு பேர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். ஆளுக்கொரு பாணியில் எழுதுவதால், மாற்றங்களைச் சேர்க்கும் முன் பரிசீலிக்கும் புல் ரிக்வெஸ்ட்டில் தர்க்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரமெல்லாம் ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா, அரைப்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே கழிகிறது. இதற்கு முடிவு கட்ட, நிரலில் பிழை தேடும் இஎஸ்லின்ட்டுடன் நிரலின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் ப்ரிட்டியரையும் சேர்த்து, ப்ரிட்டியரை இஎஸ்லின்ட்டின் ஒரு விதியாகவே ஓடவிடும் செருகுநிரலையும் நிறுவினோம்.

அன்று முதல் விண்டோஸ் பயன்படுத்தும் நால்வருக்கும் ஏறத்தாழ எல்லாக் கோப்புகளிலும், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் "டிலீட் சிஆர்" என்ற பிழை வருகிறது. மேக் வைத்திருக்கும் இருவருக்கு ஒரு சில கோப்புகளில் மட்டுமே வருகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சரிபார்க்க லினக்ஸில் ஓடும் சிஐ சோதனையும் அதே கோப்புகளைத்தான் குறை சொல்கிறது. விண்டோஸில் ப்ரிட்டியரை ஓட்டித் திருத்தினாலும், கிளை (நிரலின் இணை வடிவம்) மாறித் திரும்பும்போது பல கோப்புகளில் பிழை மீண்டும் வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த மதிப்பு மாறினால் மீண்டும் ஓட வேண்டும் என்று சொல்லும், ரியாக்ட் ஹூக்குகளின் சார்புப் பட்டியலைச் சரிபார்க்கும் எக்ஸாஸ்டிவ்-டெப்ஸ் விதி ஏராளமான எச்சரிக்கைகளைத் தருகிறது. அது சொன்னபடி ஓரிடத்தில் திருத்தியதும், அந்தப் பக்கம் நிற்காமல் சர்வரை அழைக்கத் தொடங்கியது. விதியையே அணைத்துவிடலாமா?

மறுமொழி 1

ப்ரிட்டியர் அமைப்புக் கோப்பில் எண்ட்ஆஃப்லைன் (வரிமுடிவு) என்பதற்கு ஆட்டோ என்று மதிப்புக் கொடுங்கள். பிழை உடனே மறைந்துவிடும்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்ன வழியில் பிழைச் செய்தி மறையும் என்பது உண்மைதான். ஆனால் கோப்புகள் இரண்டு விதமாகக் கிடக்கும் நிலை அப்படியே தொடரும் என்பதால், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆஸ்கி அட்டவணையில் 13ஆம் எண் கொண்ட சிஆர், 10ஆம் எண் கொண்ட எல்எஃப் ஆகிய இரண்டு குறிகளையும் சேர்த்து விண்டோஸ் வரியை முடிக்கிறது. லினக்ஸும் மேக்கும் எல்எஃப் ஒன்றை மட்டுமே இடுகின்றன. 2020இல் வெளிவந்த ப்ரிட்டியர் 2.0 முதல் எல்எஃப் மட்டுமே இயல்பான மதிப்பு. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பு விண்டோஸில் இயங்கினால், அணியின் பொது நிரல் களஞ்சியத்தில் எல்எஃப் ஆக இருக்கும் கோப்பு உங்கள் கணினியில் இறங்கும்போதே சிஆர்எல்எஃப் ஆக மாற்றப்படுகிறது. கிளை மாறித் திரும்பும்போது பிழை மீண்டும் வருவதற்குக் காரணம் இதுவே.

மேக்கிலும் சிஐயிலும் பிழை தரும் கோப்புகளின் கதை வேறு. அந்த அமைப்பு அணைந்திருந்த ஏதோ ஒரு கணினியிலிருந்து அவை சிஆர்எல்எஃப் ஆகவே களஞ்சியத்துக்குள் போயிருக்க வேண்டும். கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை இஓஎல் என்ற தெரிவுடன் ஓட்டிப் பாருங்கள். முதல் நெடுவரிசை களஞ்சியத்தில் உள்ள வரிமுடிவையும், இரண்டாவது உங்கள் கணினியில் உள்ளதையும் காட்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பெரும்பாலான கோப்புகளுக்கு முதல் நெடுவரிசையில் எல்எஃப், இரண்டாவதில் சிஆர்எல்எஃப் என்று வருகிறது. மேக்கில் பிழை தந்த கோப்புகளுக்கு இரண்டிலுமே சிஆர்எல்எஃப் என்று இருக்கிறது. ஓரிரண்டு கோப்புகளில் இரண்டும் கலந்திருப்பதாகவும் காட்டுகிறது.

மறுமொழி 2

அப்படியானால் நோய் தெளிவாகிவிட்டது. ஒவ்வொருவரின் கணினி அமைப்பையும் நம்பியிருக்கும் எந்த ஒழுங்கும் புதிதாக ஒருவர் அணியில் சேர்ந்த நாளே குலையும். ஆகவே அது களஞ்சியத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கோப்புகளை கிட் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில், எல்லா உரைக்கோப்புகளுக்கும் டெக்ஸ்ட் ஆட்டோ, இஓஎல் எல்எஃப் என்று ஒரே வரியில் குறிப்பிடுங்கள். விண்டோஸ் பேட்ச் கோப்புகள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் சிஆர்எல்எஃப் என்று தனியே எழுதுங்கள். இதையும் ப்ரிட்டியர் அமைப்பையும் முதல் கமிட்டாக (பதிவாக) இடுங்கள்.

அடுத்த கமிட்டில், கிட் ஆட் கட்டளையை, வரிமுடிவுகளைச் சீராக்கும் ரீநார்மலைஸ் தெரிவுடன் ஓட்டியும் ப்ரிட்டியரைத் திட்டம் முழுவதற்கும் ஓட்டியும் கிடைக்கும் மாற்றங்கள் மட்டுமே இருக்கட்டும். ஒரு வரி தர்க்க மாற்றம்கூட அதில் கலக்கக் கூடாது. இந்தக் கமிட்டின் அடையாள எண்ணை கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில் எழுதிவைத்தால், ஒரு வரியை உண்மையில் யார் எழுதினார் என்று தேடும்போது கிட்ஹப் அந்த மாற்றத்தைத் தாண்டிச் சென்று காட்டும். கணினியில் கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. ஸ்குவாஷ் செய்து இணைத்துவிடாதீர்கள். இரண்டு கமிட்டுகளும் ஒன்றாகி, அடையாள எண்ணும் மாறிவிடும். இணைத்த பிறகு விண்டோஸ் பயன்படுத்துவோர் களஞ்சியத்தைப் புதிதாக குளோன் செய்துகொள்வதே (முழுப் பிரதி எடுத்துக்கொள்வதே) பிழையற்ற வழி.

ப்ரிட்டியரை இஎஸ்லின்ட்டின் விதியாக ஓட்டும் அந்தச் செருகுநிரலையும் நீக்கிவிடுங்கள். வடிவம் ப்ரிட்டியரின் வேலை, பிழை கண்டுபிடிப்பது இஎஸ்லின்ட்டின் வேலை. வடிவம் பற்றிய விதிகளை இஎஸ்லின்ட் குழுவினரே 2023இல், 8.53 பதிப்பில் கைவிடப்படுபவை என்று அறிவித்துவிட்டார்கள். மோதும் விதிகளை அணைக்க இஎஸ்லின்ட்-கான்ஃபிக்-ப்ரிட்டியர் போதும். சிஐயில் ப்ரிட்டியரின் செக் கட்டளையைத் தனியே ஓட்டுங்கள். ப்ரிட்டியரின் சிறு பதிப்பு மாற்றம்கூட வெளியீட்டை மாற்றக்கூடும் என்பதால், பேக்கேஜ் கோப்பில் துல்லியமான பதிப்பு எண்ணையே எழுதுங்கள்.

மறுமொழி 3

எக்ஸாஸ்டிவ்-டெப்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்: தயவுசெய்து அணைக்காதீர்கள். பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும் எஃபெக்ட் (ரெண்டருக்குப் பின் ஓடும் நிரல்) போன்ற, கண்ணுக்கு எளிதில் தென்படாத பிழைகளைக் காட்டித்தருவது அந்த விதி. சுழல் எப்படி வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. காம்பொனென்ட்டுக்குள் ஃபில்டர் என்ற ஆப்ஜெக்டை உருவாக்கி, அதை யூஸ்எஃபெக்ட்டின் பட்டியலில் சேர்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ரெண்டரிலும் (காம்பொனென்ட் மீண்டும் ஓடும்போதும்) அந்த ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறக்கிறது. உள்ளே இருக்கும் மதிப்புகள் மாறாவிட்டாலும் ரியாக்ட்டுக்கு அது வேறு ஆப்ஜெக்ட்தான். எஃபெக்ட் ஓடுகிறது, பதில் வந்து ஸ்டேட் மாறுகிறது, மீண்டும் ரெண்டர், மீண்டும் புதிய ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்டை எஃபெக்ட்டுக்குள்ளேயே உருவாக்கி, நகரம், பக்க எண் போன்ற எளிய மதிப்புகளை மட்டும் பட்டியலில் வையுங்கள், சுழல் நிற்கும்.

பழைய எச்சரிக்கைகளை ஒரே மூச்சில் திருத்த வேண்டியதில்லை. இஎஸ்லின்ட்டின் மேக்ஸ்-வார்னிங்ஸ் தெரிவில் இன்றைய எண்ணிக்கையை உச்சவரம்பாக வைத்து, திருத்தத் திருத்தக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் ஊகித்தபடியே ஃபில்டர் ஆப்ஜெக்ட்தான் காரணம்; மாற்றியதும் நின்றுவிட்டது. இரண்டு கமிட்டுகளும் மெயின் கிளையில் சேர்ந்துவிட்டன, சிஐயும் பச்சை காட்டுகிறது. ஆனால் முன்பே திறந்திருந்த கிளைகளில் மெயினை இணைக்கும்போது கோப்புக்குக் கோப்பு முரண்பாடு வருகிறது. கையால்தான் தீர்க்க வேண்டுமா?

மறுமொழி 2

வேண்டியதில்லை. வடிவமைப்புக் கமிட்டுக்கு முந்தைய அமைப்புக் கமிட்டை முதலில் உங்கள் கிளையில் இணையுங்கள். இங்கே வரக்கூடியவை உண்மையான முரண்பாடுகள் மட்டுமே. பிறகு அந்தக் கிளையில் ரீநார்மலைஸையும் ப்ரிட்டியரையும் ஓட்டிக் கமிட் செய்யுங்கள். அதன்பின் வடிவமைப்புக் கமிட்டை மட்டும், நம் கிளையில் உள்ளதையே வைத்துக்கொள்ளும் அவர்ஸ் உத்தியில் இணையுங்கள். உங்கள் கிளை ஏற்கெனவே அதே வடிவத்துக்கு வந்துவிட்டதால் எதுவும் இழக்கப்படாது. கடைசியாக மெயினை வழக்கம்போல் இணைக்கலாம். அவர்ஸ் உத்தியை அந்த ஒரு கமிட்டுக்கு மேல் பயன்படுத்திவிடாதீர்கள்; பயன்படுத்தினால், மற்றவர்கள் எழுதிய மாற்றங்கள் எச்சரிக்கையின்றி விடுபட்டுப்போகும்.