புத்தாண்டுத் தீர்மானம் ஜனவரி தாண்ட மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

குழித்துறைக்காரன்:
மக்களே, குமரி மாவட்டம் மார்த்தாண்டத்துல கடை வேலை, காலை 9.30 முதல் ராத்திரி 8.30 வரை. வீட்டுல கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு, ரப்பர் ஷீட் வித்த காசும் வரும். இந்த வருஷத்துக்கு மூணு காரியம் நினைச்சிருக்கேன்: தினமும் 5 கிலோமீட்டர் நடை, மாசம் 3000 ரூபா சேமிப்பு, சீனியை அடியோட நிறுத்துறது. 21 நாள் விடாம செஞ்சா தானா பழகிரும்னு சொல்லுறாங்களே, சரிதானா?

வேளிமலை காத்து:
21 நாள் கணக்கை விடுங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு 96 பேரை வச்சு ஆராய்ஞ்சப்போ, ஒரு பழக்கம் யோசிக்காமலே நடக்க சராசரி 66 நாள் ஆச்சு. ஆளுக்கு ஆள் 18-ல இருந்து 254 வரை வித்தியாசம். தண்ணி குடிக்கிற மாதிரி சின்ன காரியம் சீக்கிரம் பழகும், உடற்பயிற்சிக்கு கூடுதல் நாள் வேணும். இடையில ஒரு நாள் விட்டுப்போனா பெரிய பாதிப்பில்லைன்னும் அதுல தெரிஞ்சுது. 22-ம் நாள் "இன்னும் பழகலையே"ன்னு மனசு விட்டுறதுதான் தப்பு.

முதல் நாளே 5 கிலோமீட்டர்னா ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதுவும் வார் செருப்பு போட்டு தார் ரோட்டுல நடந்தா ஒரு வாரத்துல முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு வலிக்கும், அதோட சரி. வெள்ளன பல்லு தேச்சதும், சாயாவுக்கு முன்னாடி, ஷூ மாட்டி 10 நிமிஷம் மட்டும் நடங்க. வாரம் 5 நிமிஷம் கூட்டினா எட்டாவது வாரம் 45 நிமிஷம் வந்துரும். "காலையில நடப்பேன்"னு பொதுவா வச்சா நடக்காது. பல்லு தேய்க்கிறது மாதிரி தினமும் தப்பாத ஒண்ணுக்குப் பின்னால ஒட்டி வைக்கணும். உலக சுகாதார நிறுவனம் கேட்கிறதே வாரம் 150 நிமிஷம் வேகநடைதான், அதாவது 30 நிமிஷம் வீதம் 5 நாள். தினமும்னு எழுதி வச்சு எதுக்குத் தோக்கணும்?

நம்ம ஊருக்கு மழைக்கால ஏற்பாடு தனியா வேணும். தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமும் இங்க பெய்யும். ஜூன்ல இருந்து டிசம்பர் வரை எந்த விடியலும் மழையா இருக்கலாம். அன்னைக்கு வராந்தாவுலயோ மாடிப்படியிலயோ 10 நிமிஷம் போதும். அதை இப்பவே முடிவு பண்ணி வைங்க, மழை பெய்யும்போது யோசிச்சா போர்வைதான் ஜெயிக்கும். சானல் (பாசனக் கால்வாய்) கரையில நடக்கிறதா இருந்தா விடிஞ்ச பிறகு போங்க, இருட்டுல நாய்த் தொல்லை.

குலசேகரம் பால்வெட்டு:
அண்ணே, சேமிப்பை ஜனவரியில 3000-னு ஆரம்பிக்கிறதே சிக்கல். ரப்பர் இலை உதிருற நேரம் அது. புது இலை முத்துற வரை பால் எடுக்கிற வெட்டை நிறுத்தி வைப்போம், ஷீட் காசு நிக்கும். போதாததுக்குப் பொங்கல் செலவு. வருமானம் குறைஞ்ச மாசத்துல எவ்வளவு முடியுமோ அதைத்தான் கட்டாயத் தொகையா வைக்கணும்.

கடைச் சம்பளத்துல இருந்து 1000 ரூபா போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (மாசாமாசம் கட்டுற தொடர் வைப்பு) போடுங்க. 5 வருஷத் திட்டம், குறைஞ்சது மாசம் 100, அதுக்கு மேல பத்தின் மடங்கு. தவணை தப்பினா 100 ரூபாய்க்கு 1 ரூபா அபராதம். நாலு தவணை தப்பினா கணக்கு முடங்கும், ரெண்டு மாசத்துக்குள்ள புதுப்பிக்கணும். 3 வருஷம் கழிச்சு முன்கூட்டியே முடிக்கலாம், ஆனா சாதா சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். ஒரு காரியம் கேட்டீங்களா, மாசம் 15-ம் தேதிக்குள்ள கணக்கு தொடங்கினா தவணைக் கெடுவும் 15-க்குள்ள வரும். பிந்தித் தொடங்கினா மாசக் கடைசி வரை கெடு இருக்கு, அதுக்குள்ள சக்கறம் (காசு) கரைஞ்சிரும்.

மிச்சத்துக்கு, ஷீட் வித்த அன்னைக்கே அஞ்சுல ஒரு பங்கை சேமிப்புக் கணக்குல போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. வெட்டு இல்லாத மாசம் போட வேண்டாம்.

மட்டிப்பழம்:
சீனி பத்தி யாரும் சொல்லலை. நாளைக்கு 5 சாயா, ஒண்ணுக்கு 2 ஸ்பூன்னா 10 ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம். சட்டுன்னு நிறுத்தினா நாலாம் நாள் பழம்பொரியில கை போகும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அரை ஸ்பூன் குறைங்க, நாக்கு பைய ஒத்துக்கிடும். அஞ்சுல ரெண்டு சாயாவை நிறுத்தினாலே 16 கிராம் போச்சு. கடையில வழக்கமா போடுற ஆள்கிட்ட ஒரு தடவை "சீனி கம்மி"ன்னு சொல்லி வச்சிருங்க. கிறிஸ்மஸ் முந்திரிக்கொத்து வீட்டுல இருந்தா அது தீரட்டும், பிறகு ஆரம்பிக்கலாம்.

குழித்துறைக்காரன்:
ரொம்ப உபகாரம். மூணையும் ஒண்ணா தொடங்கலாமா?

வேளிமலை காத்து:
ஆர்.டி.க்கு மனசு திடம் வேண்டாம், கணக்குல இருந்து தானா பிடிக்கச் சொல்லிட்டா போதும். அதை இந்த வாரமே முடிச்சிருங்க. நடையைப் பொங்கல் கழிஞ்சு தொடங்குங்க. சீனி மார்ச்சுல. தினசரி காலண்டர் தாள் கிழிக்கும்போது நடந்த நாளுக்குப் பின்பக்கம் ஒரு டிக் போட்டு ஆணியில குத்தி வைங்க. தொடர்ந்து ரெண்டு தாள் வெறுமையா இருந்தா மூணாம் நாள் 5 நிமிஷமாவது நடந்துரணும்.